இருபத்தேழு, தெளிவு

காலை ஏழு மணிக்கு நான் நாற்பத்திரண்டு நிலையங்களைக் கூப்பிடுவேன். மாநிலத்தில் இருக்கும் தீயணைப்பு நிலையங்கள் மொத்தமும் அவ்வளவுதான். தலைமைக் கட்டுப்பாட்டு அறையின் மூன்றாவது மாடியில், யாரோ பெயிண்ட் அடிக்கும்போது சட்டத்தோடு சேர்த்து ஒட்டிவிட்டதால் திறக்கவே முடியாத ஜன்னலுக்குப் பக்கத்தில், வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் இருபத்துமூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். "நிலையம் ஒன்று, கேட்கிறதா?" என்பேன். "ஒன்று, தெளிவு" என்று பதில் வரும். பதிவேட்டில் ஒன்றுக்கு எதிரே 'தெளிவு' என்று எழுதுவேன். இப்படியே நாற்பத்திரண்டு வரை.

அந்தப் பதிவேட்டில் மூன்று சொற்களுக்குத்தான் அனுமதி. தெளிவு, மங்கல், பதில் இல்லை. வயர்லெஸ்ஸில் வேறு பேச்சும் கூடாது. ஒருமுறை ஒன்பதாம் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர் "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டார். மறுநாளே அவருக்கு மெமோ வந்தது. எங்கள் துறையில் தீ பரவுவதைவிட மெமோ வேகமாகப் பரவும்.

இருபத்தேழாம் நிலையம் ஒரு மலைக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் கோபுரத்துக்கும் அதற்கும் நடுவே அந்த மலை அசையாமல் நிற்கிறது. நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, சாலை திரும்பும் ஒரு வளைவில் மட்டும் வயர்லெஸ் எடுக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பேச்சு வளைவு. நிலையத்துக்குள்ளே பெட்டியில் வெறும் இரைச்சல்தான். செல்போனும் அந்தப் பக்கம் பொம்மைதான். அங்கே மேசை மேல் ஒரு பழைய கம்பித் தொலைபேசி உண்டு, அது மட்டும் நம்பிக்கைத் துரோகம் செய்ததில்லை.

இருபத்தேழு பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தபோது நான் நேர்மையாகத்தான் எழுதினேன். இருபத்தேழு, பதில் இல்லை. நாலு நாள் தொடர்ந்து எழுதினேன். பதில் இல்லை என்றால் அங்கே ஆள் தூங்கினான் என்றுதான் மேலிடத்துக்கு அர்த்தம். மலை குறுக்கே நிற்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. காலையில் வயர்லெஸ் முறை யாருடையது என்று விசாரித்து, அந்த ஆளின் ஊதிய உயர்வை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அந்த ஆள் என் தம்பி. அங்கே வண்டி ஓட்டுநராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் ஏழு இருபதுக்குத் தொலைபேசியை எடுத்து இருபத்தேழைக் கூப்பிட்டேன். தம்பிதான் எடுத்தான். "கேக்குதாடா?" என்றேன். "போன்ல கேக்காம என்ன" என்றான். பதிவேட்டில் 'தெளிவு' என்று எழுதினேன். அவன் குரல் எனக்குத் தெளிவாகத்தானே கேட்டது, இதில் பொய் எங்கே என்று மனசுக்கு ஒரு சப்பைக்கட்டும் கட்டிக்கொண்டேன்.

அது அறையின் பழக்கமாகிவிட்டது. நான் லீவு போட்டால் மாற்று ஆளிடம் "இருபத்தேழுக்குப் போன் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். அவர்களும் ஏன் என்று கேட்காமல் செய்தார்கள். தினமும் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. என் கணவர் இறந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சாப்பிட்டியா, உன் பெரிய பொண்ணுக்குப் பரீட்சை எப்படிப் போச்சு, மழை உண்டா என்று அந்த ஒரு நிமிடத்தில் கேட்டுவிடுவேன். மற்றவர்கள் காலையில் செய்தித்தாள் பார்ப்பார்கள், நான் இருபத்தேழுக்குப் போன் போடுவேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வருடா வருடம் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து, மிகக் குறைந்த கோளாறு உள்ள நிலையத்துக்குச் 'சிறந்த தொடர்பு' கேடயம் கொடுப்பார்கள். மற்ற நிலையங்களில் என்றாவது மழையில் மங்கல் வரும், மின்சாரம் போய்ப் பதில் வராது. இருபத்தேழில் மட்டும் எதுவும் வராது. தொடர்ந்து மூன்று வருடம் கேடயம் மலைக்குப் பின்னால் போனது. துறையின் கீழ்மட்டத்தில் அந்த நிலையத்துக்குச் செவிட்டு ஸ்டேஷன் என்று பெயர். கேடயத்தை வாங்க மேடை ஏறியபோது தம்பி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு போட்டோவிலேயே தெரியும்.

சிரிப்பு நின்றது மலைக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் கிடங்கு பற்றி எரிந்த அன்று. இருபத்தேழின் வண்டிதான் முதலில் போனது. நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அடுக்கு சரிந்து அவர் கை மேல் விழுந்துவிட்டது. இரண்டாவது வண்டியும் ஆம்புலன்ஸும் வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருந்ததால் வண்டியை அங்கிருந்து நகர்த்த முடியாது. நிலையத்துத் தொலைபேசி வளைவைவிடத் தூரம். தம்பி வேடிக்கை பார்த்த ஒருவரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பேச்சு வளைவுக்குப் பறந்தான். அவன் குரல் என் பெட்டியில் வருவதற்குப் பதினோரு நிமிடம் ஆனது.

அதே கிடங்கு வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவர்களுக்குத் தனிக் கோபுரம், தனி அலைவரிசை, அவர் வாக்கி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதில் எங்களைக் கூப்பிட முடியாது. ஆம்புலன்ஸ்காரர்களையும் கூப்பிட முடியாது. அவர் தன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த அறை எங்கள் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம். அங்கே ஒரு தாளில் எழுதி உதவியாளர் கையில் கொடுப்பார்கள். அவர் தெருவைக் கடந்து மூன்று மாடி ஏறி வந்து என் மேசையில் வைப்பார். நடைமுறை அப்படித்தான். அன்று அந்தத் தாள் வந்தபோது நான் ஏற்கெனவே இரண்டாவது வண்டியை அனுப்பியிருந்தேன். நெட்டைக்கு இடது கையில் மூன்று விரல் போய்விட்டது.

அந்த வருடம்தான் அரசு ஒரு பெரிய தொகையை ஒதுக்கியது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூவரும் ஒரே வயர்லெஸ் வலையில் பேசிக்கொள்ள, மாநிலம் முழுக்கப் புதிய கோபுரங்கள். ஆனால் நாற்பத்திரண்டுக்கும் பணம் போதாது. முதல் கட்டத்தில் பதினெட்டு, மீதி இரண்டாம் கட்டத்தில். அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டாம் கட்டம் என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம்.

எந்தப் பதினெட்டு என்று முடிவு செய்யும் கமிட்டியில் நிதித்துறையிலிருந்து ஓர் அதிகாரி இருந்தார். எந்தக் கோப்பு போனாலும் பாதியாக வெட்டி அனுப்புவார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். தனக்கு அந்தப் பெயர் உண்டு என்பது அவருக்கும் தெரியும் என்று கேள்வி. சிபாரிசு, கடிதம், கண்ணீர் எதுவும் வேண்டாம், ஐந்து வருடப் பதிவேட்டை அனுப்புங்கள், கோளாறு அதிகம் உள்ள இடத்துக்கு முதலில் கோபுரம் என்று எழுதிவிட்டார். நியாயமான மனுஷன், அதுதான் எனக்குக் கண்டம்.

பட்டியல் வந்தது. இருபத்தேழு கடைசி. நாற்பத்திரண்டில் நாற்பத்திரண்டாவது. ஐந்து வருடத்தில் கோளாறு, பூஜ்யம்.

எங்கள் இயக்குநரிடம் போய் நின்றேன். இருபத்தேழில் மலை மறைக்கிறது சார், அங்கே கேட்பதில்லை என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன என்றார். அதற்கு மேல் பேசினால் நான் பதினோரு வருடம் பொய் எழுதியதைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பேசாமல் மாடி ஏறினேன்.

அந்த வாரம் தம்பி தன் ஓய்வு நாளில் வீட்டுக்கு வந்தான். பட்டியல் அவனுக்கும் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, நீ வாயைத் திறக்காத. ரெண்டு வருஷம்தான் இருக்கு. பென்ஷனோட வெளிய வா."

"நெட்டைக்குப் பதிலா இப்ப யாரு உள்ள போறா?" என்று கேட்டேன்.

"நான்தான் குழாய் பிடிக்கறேன்" என்றான். "வண்டி ஓட்ட வேற ஆள் வந்தாச்சு."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. அவன் உள்ளே போய், மேலே ஏதாவது விழுந்து, வேறு யாரோ ஸ்கூட்டர் தேடி ஓடும் பதினோரு நிமிடத்தை நான் உட்கார்ந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்தேன். பெரிய தியாகி எல்லாம் இல்லை நான். பென்ஷனையும் எண்ணிப் பார்த்தேன். இரண்டையும் காப்பாற்ற ஒரு குறுக்கு வழி கிடைக்குமா என்றுதான் மூளை ஓடியது.

கிடைத்தது. கமிட்டி உறுப்பினர்கள் காலைச் சோதனையை ஒரு நாள் நேரில் வந்து பார்க்கலாமே என்று இயக்குநர் மூலமாக ஒரு கடிதம் அனுப்ப வைத்தேன். யாராவது வந்தால் அவர் முன்னால் இருபத்தேழைக் கூப்பிடுவேன். பதில் வராது. தொலைபேசியைத் தொடாமல் 'பதில் இல்லை' என்று எழுதுவேன். கண்ணால் பார்த்த கோளாறு, பழைய கதை எதற்கு? காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான்.

மற்றவர்கள் வருவதாகச் சொல்லி வரவில்லை. கத்தரி மட்டும் ஆறு ஐம்பதுக்கு வந்துவிட்டார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் இரண்டு பேனா. மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை திறக்காத ஜன்னலைத் திறக்க முயன்றுவிட்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். ஒன்று, தெளிவு. இரண்டு, தெளிவு. பதினாலு, மங்கல். அவரும் தன் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். இருபத்தேழைக் கூப்பிட்டேன். இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் முறையும் இரைச்சல்தான். 'பதில் இல்லை' என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை அது. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. நாற்பத்திரண்டு வரை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கத்தரி தன் தாளைப் பார்த்தார். "ஒரு நாள் கோளாறு எங்கயும் இருக்கும்" என்றார். "பதினாலும்தான் மங்கல்னு வந்துச்சு. எனக்கு அஞ்சு வருஷக் கணக்குதான் கணக்கு."

என் குறுக்கு வழி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. ஏழு இருபத்தைந்து ஆகியிருக்கும். மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. அது அவர் பக்கம் இருந்தது. நான் எட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

தம்பிக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, ஏன் இன்னும் கூப்பிடல? உடம்பு கிடம்பு சரியில்லையா? எழுதிட்டேல்ல?"

கத்தரி ரிசீவரை என்னிடம் நீட்டினார். நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மேசையைப் பார்த்தபடியே, வீட்டிலிருந்தா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போய்விடுவார். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவன் குரலில் இருந்த பதற்றம் காதிலேயே நின்றது. நான் ஐந்து நிமிடம் கூப்பிடவில்லை என்பதற்கே அவன் இப்படித் தவிக்கிறான்.

"இருபத்தேழுலேருந்து சார்" என்றேன். "அங்க என் தம்பி இருக்கான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் மெமோ, ஊதிய உயர்வு, ஏழு இருபது, கேடயம், நெட்டையின் விரல்கள், குழாய் பிடிப்பது யார் என்பது. முடித்ததும், இதற்கு என்ன ஆதாரம், நீங்கள் இப்போது தம்பிக்காகப் பொய் சொல்கிறீர்களா, அப்போது சொன்னீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வி சரியானதுதான். எனக்கே கோபம் வரவில்லை.

"உங்க ஆபீஸ்லயே இருக்கு சார். எங்க டெலிபோன் பில்லைப் பாருங்க. தினமும் ஏழு இருபதுக்கு ஒரே நம்பர். ஏன்னு கேட்டு உங்க ஆளுங்க மூணு தடவை எழுதியிருக்காங்க. நிர்வாகக் காரணம்னு நான்தான் பதில் போட்டேன்."

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அந்தக் கேள்வியில ஒண்ணு நான் எழுதினது" என்றார். எழுந்து தாளை மடித்துப் பையில் வைத்தார். "கோபுரத்தைப் பத்தி எழுதினா உங்களைப் பத்தியும் எழுதணும். ஒண்ணை விட்டு ஒண்ணு எழுத முடியாது."

"எழுதுங்க சார்" என்றேன். எழுந்து வழியனுப்பவில்லை.

அவர் இரண்டையும் எழுதினார். ஐந்து வருடத் தொலைபேசிப் பட்டியலை இணைத்து, ஒவ்வொரு அழைப்பும் ஒரு கோளாறு என்று கணக்கிட்டார். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். இருபத்தேழு கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்தது. அதே உறையில் என் மேல் விசாரணைக்கும் பரிந்துரை. மாற்று ஆள்கள் நான் சொன்னதைத்தான் செய்தார்கள், தம்பி போனை எடுத்ததோடு சரி என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். எனக்கு மூன்று ஊதிய உயர்வு போனது. பென்ஷனிலும் அது குறையும், சாகும்வரை குறையும். வயர்லெஸ் அறையிலிருந்து எடுத்துத் தரைத்தளத்து ஸ்டோரில் போட்டார்கள். கேடயங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி இருபத்தேழுக்கு ஒரு மெமோ. மூன்றையும் நெட்டைதான் ஒற்றைக் கையால் பொட்டலம் கட்டினாராம்.

தம்பி ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. என்னால்தான் உனக்கு இந்தக் கதி என்று அவன் நினைப்பு. என்னால்தான் நெட்டைக்கு விரல் போனது என்று என் நினைப்பு. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. தம்பி மனைவிதான் போன் செய்து, "அண்ணி, அவரு சாப்பிடும்போது உங்களைப் பத்தியேதான் பேசறாரு, நீங்களே ஒரு வார்த்தை பேசிடுங்க" என்றாள். பேசினேன். மழை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான்.

ஒன்றரை வருடத்தில் கோபுரங்கள் எழுந்தன. புதிய வாக்கிகள் பெட்டி பெட்டியாக என் ஸ்டோருக்குத்தான் வந்தன. சிவப்புப் பட்டை எங்களுக்கு, நீலம் போலீஸுக்கு, வெள்ளை ஆம்புலன்ஸுக்கு. பட்டைதான் வேறு, உள்ளே வலை ஒன்று. அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்க வேண்டியது என் வேலை. கேட்கலாம், பேசக் கூடாது. அதற்கு எனக்கு உத்தரவு இல்லை.

புதிய வலை தொடங்கிய அன்று ஆறரைக்கே வந்துவிட்டேன். யாரும் வரச் சொல்லவில்லை. ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு வாக்கியை எடுத்து மேசையில் நிறுத்தினேன். ஏழு மணிக்கு மூன்றாம் மாடியிலிருந்து புதுப் பெண்ணின் குரல் வந்தது. நல்ல குரல், கொஞ்சம் அவசரம். ஒன்று, தெளிவு. இரண்டு, தெளிவு. இருபத்தாறு, தெளிவு.

"நிலையம் இருபத்தேழு, கேட்கிறதா?"

"இருபத்தேழு, தெளிவு" என்றான் என் தம்பி. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் இருந்தது. ஒரு நொடி விட்டு, "ரொம்பத் தெளிவு" என்றான்.

அதிகப்படிப் பேச்சு வேண்டாம் என்று அந்தப் பெண் அதட்டிவிட்டு இருபத்தெட்டைக் கூப்பிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, அங்கே பார்க்க ஆள் யாரும் இல்லை. பிரித்த பெட்டியின் எண்ணை ஸ்டோர் பதிவேட்டில் எழுதி, குறிப்புக் கட்டத்தில் 'தெளிவு' என்று போட்டேன்.

நாற்பத்திரண்டு முடிந்தது. ஏழு இருபது ஆனது. கை தன்னால் ஸ்டோர் தொலைபேசிக்குப் போய் அதை எடுத்தும்விட்டது. காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டேன். எண்களைச் சுழற்றவில்லை. இனிமேல் அவனைக் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. வைத்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.